நான்கு நொடி வெளிச்சம்

வெனிலா விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வீடு வளவனூரைத் தாண்டி, புதுச்சேரிக்குப் போகிற நாலுவழிச் சாலையை ஒட்டிய ஒரு ஊரில். அப்பா ஞானராஜுக்குப் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அம்மா இருதயசெல்வி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அந்தத் தெருவில் கேமரா பிடித்துப் படிக்கப் போன முதல் பெண் வெனிலாதான்.

அந்தப் பருவத்தில் புகைப்படம் ஒரு பாடம். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் பத்துப் படங்கள் ஒப்படைக்க வேண்டும். சன்னல் வெளிச்சத்தில் ஒரு முகம், எதிர்வெயிலில் கறுத்துத் தெரியும் ஓர் உருவம், படத்தை மூன்றாகப் பிரித்து அந்தக் கோட்டில் ஆளை நிறுத்தி ஒன்று, கண்ணை உள்ளே இழுத்துப் போகும் கோடுகள் என்று மலர்விழி மிஸ் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். அவளிடம் சொந்தக் கேமரா இல்லை. திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியம்மா மகன் சகாய பிரவீன், இனிமேல் கல்யாண வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்த பழைய கேமராவைக் கொடுத்திருந்தான்.

முதல் மாதம் அவள் எடுத்ததெல்லாம் மொட்டை வெயிலில் கண்குழி கறுத்துப்போன முகங்கள். மலர்விழி மிஸ் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஆளைப் பாத்து எடுத்திருக்க. வெளிச்சத்தைப் பாக்கவே இல்லை. ஒரு வாரம் கேமராவைத் தொடாத. வெளிச்சம் எங்கேருந்து வருது, எங்க விழுதுன்னு மட்டும் பாத்துக்கிட்டு வா," என்றார்.

அப்படியே செய்தாள். காலை ஏழரை மணிக்கு அடுப்படி சன்னல் வழியாக வருகிற வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள். அந்த வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் துலங்கி, மறுபக்கம் மெல்ல மெல்ல இருட்டுக்குள் போனது.

"அடுப்புல பால் பொங்குது, என் மூஞ்சில இன்னாடி பாத்துக்கினு நிக்கிற?" என்றாள் அம்மா.

வாரம் முடிந்ததும் அதே இடத்தில் அம்மாவை வைத்து எடுத்ததுதான் அவளுடைய முதல் நல்ல படம். அதற்குப் பிறகு பாடம் பிடித்துப்போய்விட்டது. பஸ்ஸில் போகும்போதும் கோடுகளையும் நிழல்களையும் பார்த்துக்கொண்டே போனாள். மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் ஒன்பது படங்கள் சேர்ந்துவிட்டன.

பத்தாவதுதான் பாக்கி. ஷட்டரைச் சில நொடிகள் திறந்தே வைத்து, ஓடுகிற வண்டிகளின் விளக்குகளை ஒளிக்கோடாக எடுப்பது. அதற்குப் பொழுது சாய்ந்த பிறகு, வானம் முழுதும் கறுப்பதற்கு முன்னால் இருக்கிற அந்தக் கால்மணி நேரம்தான் சரி என்று மிஸ் சொல்லியிருந்தார்.

மார்ச் கடைசி வியாழக்கிழமை. கல்லூரியிலிருந்து இரவல் வாங்கி வந்த கேமரா முக்காலியைச் சாலை வளைவில் மதகுக் கட்டையை ஒட்டி நிறுத்தினாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் புதுச்சேரிப் பக்கம் போகிற வண்டிகள் அரிவாள் மாதிரி வளைந்து போவது தெரியும். மணி ஆறே முக்கால். மேற்கே கொஞ்சம் சிவப்பு, மற்றதெல்லாம் கருநீலம். நான்கு நொடி வைத்து இரண்டு படம் எடுத்துப் பார்த்தாள். முதலாவதில் முக்காலி ஆடிவிட்டது. இரண்டாவதில் வண்டியே வரவில்லை.

அப்போது சைக்கிளில் ஒருவர் வந்தார். பின்னால் கேரியரில் ஒரு சாக்கு மூட்டை. நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டுத் திரும்புகிறவர் என்று செம்மண் ஒட்டிய கால்களைப் பார்த்தாலே தெரிந்தது. சாலைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிற கிருஷ்ணசாமி. அவளுக்கு முகப் பழக்கம் உண்டு.

"இன்னா பாப்பா, ரோட்ட அளக்கிறியா?"

"இல்லங்க, காலேஜிக்குப் படம்."

"நான் குறுக்க வந்துட்டனா?"

"பரவால்லங்க, நீங்க போங்க. நகர்ந்துக்கினே இருந்தா இதுல நீங்க விழவே மாட்டீங்க," என்றாள் வெனிலா. சிரித்துக்கொண்டே சொன்னாள். அது பாடத்தில் இருந்த விஷயம். விளக்கு இல்லாமல் நகர்கிற எதுவும் நான்கு நொடிப் படத்தில் பதியாது.

அவரும் சிரித்துவிட்டு மிதித்துக்கொண்டு போனார். பின்னால் ஒரு வண்டியின் வெளிச்சம் வருவதைப் பார்த்து அவள் பொத்தானை அழுத்தினாள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவின் திரை கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்று சொல்லும்போது சத்தம் கேட்டது. தகர டப்பாவை மிதித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நிமிர்ந்தாள். வளைவில் இரண்டு சிவப்பு விளக்குகள் பளீரென்று எரிந்தன. வண்டி நிற்கப்போகிறது என்று நினைத்தாள். விளக்குகள் மங்கின. வண்டி வேகமெடுத்துப் போய்விட்டது.

அவள் ஓடினாள். சாலை முழுக்கப் பச்சை மல்லாட்டை சிதறிக் கிடந்தது. காலுக்குக் கீழே நொறுங்கியது. கிருஷ்ணசாமி சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணில் கிடந்தார். கண் திறந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல பாப்பா," என்றார். "சைக்கிள ஓரமா எடுத்துப் போடு, யாருனா வந்து ஏத்திடப் போறான்."

அவள் சைக்கிளை இழுத்து ஓரமாகப் போட்டாள். துப்பட்டாவைச் சுருட்டி, ரத்தம் வழிந்த அவர் தலையில் வைத்து அழுத்தினாள். ஒரு கையால் 108க்கு அடித்தாள். ஆட்கள் கூடினார்கள். யாரோ தண்ணீர் கொடுக்கப் போக, இன்னொருவர் கொடுக்கக்கூடாது என்று தடுத்தார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

"வண்டி நம்பர் பாத்தியாம்மா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"இல்லங்க."

"இன்னா வண்டி?"

"தெரியல. வெள்ளையா… தெரியலங்க."

அவர் முக்காலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டு அந்தப் படத்தைத் திறந்தாள். இதுவரை எடுத்ததிலேயே அதுதான் அழகான படம். வானம் ஆழ்ந்த நீலம். சாலை வளைவில் இரண்டு சிவப்புக் கோடுகள் ஆற்று நீர் மாதிரி வழிந்து போயின. ஒரே ஒரு இடத்தில், வண்டி ஒரு கணம் தயங்கிய இடத்தில், கோடு தடித்து, அதற்கு மேல் வெண்மையாய் ஒரு பெட்டியின் சாயல். அதற்குக் கீழே மஞ்சளாய், விரல்நகம் அளவுக்கு ஒரு கறை. நம்பர் பலகை. அதற்குள் எழுத்தில்லை, புகைதான் இருந்தது. கிருஷ்ணசாமி படத்தில் எங்குமே இல்லை.

மறுநாள் அப்பாவோடு காவல் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தாள். உதவி ஆய்வாளர் படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"லோடு வண்டி மாதிரி இருக்குது. மஞ்ச போர்டு. இந்த ரோட்டுல ஒரு நாளைக்கு இந்த மாதிரி ஆயிரம் வண்டி போவுதும்மா," என்றார். "பென்டிரைவ்ல குடுத்துட்டுப் போ. ஆய்வுக்கு அனுப்புறோம். வர்றதுக்கு மாசக்கணக்காவும்."

ஐந்தாம் நாளே காரியத்தை முடித்தார்கள். மறுநாள் கிருஷ்ணசாமியின் மகன் அறிவுச்செல்வன் வீட்டுக்கு வந்தான். இருபத்தைந்து வயது. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. கூடவே அவன் அம்மா குப்பம்மாள் வந்து வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வரச் சொல்லி இருதயசெல்வி கூப்பிட்டும் வரவில்லை.

"நீ படம் எடுத்துக்கினு இருந்தியாமே," என்றான் அவன்.

வெனிலா போனில் ஏற்றி வைத்திருந்த படத்தைக் காட்டினாள். அவன் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். மஞ்சள் கறை திரை முழுக்கப் பரவியது.

"இதானே நம்பர் பிளேட்டு?"

"ஆமாண்ணா."

"அப்ப நம்பர் எங்க?"

"நாலு செகண்டு ஷட்டர் தொறந்திருந்திச்சிண்ணா. வண்டி நகர்ந்துக்கினே இருந்ததால எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து கலைஞ்சிபோச்சி."

"ஏன் நாலு செகண்டு?"

"அது… அந்தப் பாடம் அப்படிண்ணா."

"இன்னாம்மா படிக்கிற நீ?" அவன் குரல் உயரவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். "கேமராவுல எடுத்தா வண்டி தெரிய வேணாமா? எங்க அப்பா தெரிய வேணாமா?"

குப்பம்மாள் வாசலிலிருந்து எழுந்து வந்து, போனில் இருந்த சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதாடா அந்த வண்டி?" என்று மகனைக் கேட்டாள். பிறகு வெனிலாவைப் பார்த்து, "எதுனா பண்ணி எடுத்துக் குடு பாப்பா. படிச்ச பொண்ணு நீ," என்றாள்.

அதற்கப்புறம் வெனிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரிக் கணினியில் இரண்டு நாள் உட்கார்ந்து, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். கறை கறையாகவே இருந்தது. சனிக்கிழமை காலை மெமரி கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி விழுப்புரம் போய், அங்கிருந்து திண்டிவனம் போனாள்.

பிரவீனின் ஸ்டுடியோ பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில். முகூர்த்த மாதம் இல்லாததால் அவன் சும்மாதான் இருந்தான். படத்தைக் கணினியில் திறந்ததும், "ஏய், சூப்பரா எடுத்திருக்கியே," என்றான். விஷயத்தைச் சொன்னபிறகு நாற்காலியைக் கணினிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சாதாரணமா பாத்தா வராது. புதுசா ஒரு ஏஐ சாப்ட்வேர் போட்டிருக்கேன். பழைய கல்யாண போட்டோவெல்லாம் அதுலதான் சரி பண்றேன். மூஞ்சியே தெரியாத படத்துல மூஞ்சி வருது. போட்டுப் பாக்கலாமா?"

மஞ்சள் கறையை மட்டும் வெட்டி அதில் ஏற்றினான். ஒரு பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக ஊர்ந்தது. முடிந்ததும் திரையில் ஒரு நம்பர் பலகை பளிச்சென்று வந்து நின்றது. விழுப்புரத்து TN 32. கறுப்பு எழுத்து, கூரான விளிம்பு. கடைசி நாலு எண் 4718.

"அண்ணா!" என்று வெனிலா பிரவீனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். உடனே போனில் அதைப் படமெடுத்து அறிவுச்செல்வனுக்கு அனுப்பினாள். "நம்பர் கெடச்சிடுச்சிண்ணா" என்று கீழே எழுதினாள். அவன் பார்த்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. அவளுக்குப் பத்து நாளில் முதல்முறையாகப் பசித்தது.

கீழே போய் இரண்டு டீயும் பன்னும் வாங்கி வந்தாள். பிரவீன் கணினி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"வெனிலா, இங்க வா. முழு பிளேட்டையும் பிரிண்டுக்குப் பெருசா எடுக்கலாம்னு மறுபடி போட்டேன்."

திரையில் அதே மஞ்சள் பலகை. அதே கூரான எழுத்து. கடைசி எண் 1176.

"இன்னாண்ணா இது?"

அவன் மூன்றாவது தடவை போட்டான். 4413 வந்தது. நான்காவது தடவை முன்னால் இருந்த ஊர் எண்ணே மாறியது.

"அது இருக்கிறதைக் காட்டல," என்றான் பிரவீன் மெதுவாக. "இருக்கிற மாதிரி ஒண்ணை அதுவா எழுதுது. கல்யாண போட்டோவுல மூஞ்சியும் அப்படித்தான் போலருக்குது. ஒருத்தரும் ஒத்துப் பாக்க மாட்டாங்க இல்ல, அதனால தெரியல."

வெனிலா டீயைக் கீழே வைத்தாள். அறிவுச்செல்வனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. "அண்ணா அந்த நம்பர் நெஜம் இல்ல, யாருக்கும் அனுப்பாதீங்க" என்று எழுதி அனுப்பினாள். போய்ச் சேராமல் ஒற்றைக் கோடு மட்டும் விழுந்தது. அனுப்பியதை அழிக்கலாம் என்று பார்த்தாள். அழித்தாள். ஆனால் அவள் பஸ் பிடித்து விழுப்புரம் வந்து சேர்வதற்குள், கல்லூரித் தோழி ஒருத்தி அந்தப் படத்தை அவளுக்கே அனுப்பியிருந்தாள். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: ஏழைக் கூலித் தொழிலாளியைக் கொன்றுவிட்டு ஓடிய வண்டி, பார்ப்பவர்கள் மடக்கிப் பிடிக்கவும், அதிகம் பகிரவும்.

சாயங்காலம் அறிவுச்செல்வனின் வீட்டுக்கே போனாள். அவன் பத்துப் பேரோடு தெருவில் நின்றுகொண்டிருந்தான்.

"அது பொய்யிண்ணா. மெஷின் அதுவா போட்ட நம்பர். திருப்பித் திருப்பிப் போட்டா வேற வேற நம்பர் வருது."

"காலையில கெடச்சிடுச்சின்னு சொன்ன."

"அப்ப எனக்குத் தெரியலண்ணா."

"இப்ப யாரு உனக்குத் தெரிய வெச்சது?" என்றான் பக்கத்தில் நின்றவன். "எவனாவது மெரட்டினானா? சொல்லு."

"யாரும் மெரட்டலண்ணா. சத்தியமா."

"பயப்படாத பாப்பா," என்றான் அறிவுச்செல்வன். முதல்முறையாக அவளிடம் அன்பாகப் பேசினான். "உன் பேரை நாங்க எங்கயும் சொல்ல மாட்டோம். நீ பண்ண உதவிய மறக்க மாட்டோம். வீட்டுக்குப் போ."

அந்த அன்புதான் அவளைப் பயமுறுத்தியது. நேரே காவல் நிலையத்துக்கு நடந்தாள். ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். அங்கே இருந்த பெண் காவலர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குத் திண்டிவனத்தில் ஒரு தர்பூசணி மண்டி வாசலில் அந்த எண்ணுள்ள வண்டியைப் பார்த்துவிட்டார்கள். 4718. வெள்ளைப் பெட்டி வைத்த லோடு வண்டி, மஞ்சள் போர்டு. அப்படி ஒரு வண்டி உண்மையிலேயே இருந்தது. ஓட்டுநரும் உரிமையாளரும் ஒருவரேதான், கோபி என்று பெயர், முப்பத்தைந்து வயது. அறிவுச்செல்வனும் நண்பர்களும் பைக்கில் போய் இறங்கினார்கள். கோபி என்ன ஏது என்று கேட்பதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. முன்கண்ணாடியை உடைத்தார்கள். தர்பூசணிகளைச் சாலையில் உருட்டிவிட்டார்கள். தடுக்கக் கையைத் தூக்கியபோது ஜாக்கிக் கம்பி பட்டு அவன் வலது முன்கை முறிந்தது. மண்டிக்காரர்கள் ஓடிவந்து பிரித்து, எல்லோரையும் போலீஸில் ஒப்படைத்தார்கள்.

விசாரித்ததில் ஒரே நாளில் எல்லாம் தெரிந்துபோயிற்று. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கோபியின் வண்டி சென்னையில் பழம் இறக்கிக்கொண்டிருந்தது. சுங்கச்சாவடிக் கேமராவில் போனதும் வந்ததும் நொடி பிசகாமல் பதிவாகியிருந்தது. அந்தப் படத்தில் எண் தெளிவாகத் தெரிந்தது.

அறிவுச்செல்வன் மீதும் இன்னும் மூன்று பேர் மீதும் வழக்குப் பதிந்து சிறையில் அடைத்தார்கள்.

வெனிலா அப்பாவோடு மறுபடி உதவி ஆய்வாளர் முன்னால் நின்றாள். "தப்பு என்மேல சார். நான்தான் அனுப்பினேன். அவரை விட்டுடுங்க சார்."

"நீ அனுப்புனது தப்புன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. நான் வந்து பாத்தேன்," என்றார் அவர். களைத்த முகம். "அதுக்கும் மேல உன்ன நான் இன்னா பண்றது? அடிச்சவன் அவன். கை ஒடிஞ்சிருக்குதும்மா. திண்டிவனம் ஸ்டேஷன்ல எப்படி விடுவாங்க?"

"அவங்க அப்பா செத்துப்போயிருக்காரு சார்."

"தெரியும்," என்றார். "அந்தக் கேசு எங்கிட்டதான் இருக்குது."

வெளியே வந்தபோது ஞானராஜ் மகளைத் திட்டவில்லை. வண்டியை எடுக்கும்போது மட்டும், "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னிருக்கலாம்டா," என்றார். அதை அவளே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் யாருக்கும் சொல்லாமல் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கோபியைத் தேடிப் பார்த்தாள். கையில் மாவுக்கட்டு. கட்டில் ஓரத்தில் அவன் மனைவி தர்பூசணித் துண்டை வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். தான் யார் என்று சொன்னதும் மனைவியின் கை அப்படியே நின்றது.

"மன்னிச்சிடுங்கண்ணா," என்றாள் வெனிலா. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். சொன்னபிறகு அந்த அறையில் எதுவும் மாறவில்லை.

கோபி மாவுக்கட்டை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டு, "அந்தப் படம் உங்கிட்ட இருக்குதா? காட்டு," என்றான்.

காட்டினாள். முதலில் ஒளிக்கோட்டுப் படம், பிறகு அந்த நம்பர். இடது கையால் போனை வாங்கி உற்றுப் பார்த்தான்.

"என் வண்டி மாதிரியேதான் இருக்குது," என்றான். "அன்னிக்கி நான் மெட்ராஸ்ல இருந்தது எனக்குத் தெரியலன்னா, இதப் பாத்து நானே நம்பியிருப்பேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தான். "கேச வாபஸ் வாங்கிக்கன்னு சொல்ல வந்தியா?"

அதைக் கேட்கலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தபிறகு வாய் வரவில்லை. "இல்லண்ணா," என்றாள்.

"ரெண்டு மாசம் ஸ்டியரிங் புடிக்க முடியாதாம். சீசனே இந்த ரெண்டு மாசந்தான்," என்றான். அவளிடம் சொன்ன மாதிரியும் இல்லை. மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ கெளம்பும்மா," என்றாள். வெனிலா கிளம்பினாள்.

ஏப்ரல் பத்தாம் தேதி ஒன்பது படங்களை மட்டும் ஒப்படைத்தாள். பத்தாவது எங்கே என்று மலர்விழி மிஸ் கேட்கவில்லை. கல்லூரி முழுக்கத் தெரிந்த கதை அது. எல்லோரும் போனபிறகு வெனிலாதான் கேட்டாள்.

"மிஸ், நான் ஷட்டரை வேகமா வெச்சிருந்தா, ஒரு செகண்டுல ஐந்நூறுல ஒரு பங்கு வெச்சிருந்தா, நம்பர் விழுந்திருக்குமா?"

மிஸ் கையை நீட்டினார். போனில் இருந்த பத்தாவது படத்தை வாங்கி நேரத்தைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார். "அந்த நேரத்து வெளிச்சத்துல, உன் கேமராவுல, அவ்வளவு வேகம் வெச்சா வெறும் கறுப்புத்தான் வந்திருக்கும். ரெண்டு சிவப்புப் புள்ளி தெரிஞ்சிருக்கும்."

"அப்ப எப்படி எடுத்திருந்தாலும் வந்திருக்காதா?"

"வந்திருக்காது."

அது ஆறுதலாக இருக்கும் என்று மிஸ் நினைத்திருக்க வேண்டும். வெனிலாவும் அப்படித்தான் எதிர்பார்த்தாள். ஆனால் செய்திருக்கக்கூடியது என்று ஒன்றாவது இருந்தால்தானே அதை நினைத்து அழலாம். மிஸ் அவள் தலையில் கை வைத்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

இருபது நாளில் அறிவுச்செல்வனுக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் திண்டிவனம் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், பார்த்துக்கொண்டிருந்த புதுச்சேரிக் கம்பெனி வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாமல், அந்த வேலையும் போயிற்று. தெருவில் எதிரே வந்தால் வெனிலாவைப் பார்க்காத மாதிரிப் போனான். வண்டியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வழக்குத் தாளில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதியிருந்தது அப்படியே இருந்தது.

மே முதல் வாரத்தில் ஒரு காலை, தேர்வுக்குப் போக வெனிலா சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். குப்பம்மாள் சாலையைக் கடந்து வந்து பக்கத்தில் நின்றாள். கையில் தூக்குவாளி, நூறுநாள் வேலைக்குக் கிளம்பியிருந்தாள். திட்டப்போகிறாள் என்று வெனிலா நினைத்தாள். திட்டினால் நல்லது என்றும் நினைத்தாள்.

"பரீட்சைக்கா பாப்பா?"

"ஆமாங்கம்மா."

குப்பம்மாள் சாலையைப் பார்த்தாள். விழுப்புரம் பக்கமிருந்து ஒரு வெள்ளை வண்டி வந்தது. அது தங்களைக் கடக்கும்வரை கூடவே தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மாதிரியா இருந்துச்சி?" என்றாள்.

"தெரியலம்மா."

"இதவிடப் பெருசா?"

"நான் அன்னிக்கி நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள…"

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்."

இன்னொன்று வந்தது. பால் வண்டி. "இது?" என்றாள். வெனிலா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் கேன் வண்டி, அதற்குப் பின்னால் கோழி வண்டி. ஒவ்வொன்றுக்கும் குப்பம்மாள் கேட்டாள், கோபமே இல்லாமல், கடையில் துணி பார்க்கிறவள் மாதிரிப் பொறுமையாக. ஒவ்வொன்றுக்கும் வெனிலா, "தெரியலம்மா," என்றாள்.

பஸ் வந்து நின்றது.

"நீ ஏறு பாப்பா, நேரமாவுது," என்றாள் குப்பம்மாள். "நான் இன்னும் ரெண்டு வண்டி பாத்துட்டுப் போறேன்."

வெனிலா ஏறினாள். பஸ் நகரும்வரை படியிலேயே நின்றாள். குப்பம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அடுத்து வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.